கிங்ஸ் கன்யனில் நான் ஏறாத படிகள்

1

நிரந்தர விசா கிடைத்து ஒரு வருஷம் ஆனதை இந்த முறை நாங்கள் கேக் வெட்டிக் கொண்டாடவில்லை. என் மனைவி சாந்தி வேறு ஏற்பாடு செய்திருந்தாள். என்னையும் மகளையும் பாலைவனத்துக்கு அனுப்பி வைத்தாள்.

மகள் பெயர் ஆரணி. வயது இருபத்தொன்று. அடுத்த மாதம் வேலைக்காகப் பேர்த்துக்குப் போகிறாள். சிட்னியிலிருந்து பேர்த்துக்கு விமானத்தில் ஐந்து மணித்தியாலம். ஊரில் இருக்கும் உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், கொழும்பில் ஏறி வளைகுடா நாடொன்றில் இறங்குகிற தூரம். இதற்கு ஒரே நாடு என்று பெயர்.

அவள் போவது கவலைதான். அதைவிடப் பெரிய கவலை, அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. கேட்டால் பதில் வரும். "ஓகே", "ஃபைன்", "ஐ டோன்ட் நோ" என்று மூன்று பதில்கள் வைத்திருக்கிறாள். விசா வந்ததற்கு வீட்டில் ஒரு விருந்து வைத்தோம். அதில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து தன் அறைக்குப் போனவள், அன்றிலிருந்து இப்படித்தான். என்ன பிள்ளை என்று கேட்டேன். "நத்திங்" என்றாள். அது நாலாவது பதில்.

சாந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தனக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள். கேட்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. "ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ. மலையைப் பாக்கிறியளோ இல்லையோ, வாயைத் திறந்து கதைச்சுப்போட்டு வாங்கோ" என்றாள்.

கிங்ஸ் கன்யன் என்பது பாலைவனத்தின் நடுவே சிவப்புப் பாறை பிளந்து கிடக்கிற ஒரு பெரும் பள்ளம். உலுரு மலைக்குப் பக்கத்து விடுதியில் தங்கி, அங்கிருந்து ஒரு நாள் பயணமாக, வழிகாட்டியோடு பஸ்ஸில் போய்வர வேண்டும். பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி ஆறு கிலோமீற்றர் நடை, மூன்று நாலு மணித்தியாலம் பிடிக்கும். போன் சிக்னல் இருக்காது என்று வேறு சொல்லியிருந்தார்கள். என் நினைப்பு எளியது. நாலு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால், பிள்ளை எத்தனை தரம்தான் ஓகே சொல்லும்? ஐந்தாவது பதில் ஒன்று வந்துதானே ஆகவேண்டும்.

அந்த நடைக்காகவே இரண்டு மாதம், சிட்னிப் புறநகர் செவன் ஹில்ஸில் நான் வேலை செய்கிற களஞ்சியத்துக்குப் பஸ் எடுக்காமல் நடந்து போனேன். புதுச் சப்பாத்து வாங்கிப் பழக்கினேன். மருத்துவச் சோதனை எல்லாம் செய்யவில்லை. அது என் முதல் பிழை என்று நீங்கள் நினைக்கக்கூடும். இல்லை, பிழை வேறு.

2

விடியும் முன்னர் பஸ் புறப்பட்டது. வழிகாட்டியின் பெயர் டேல். முப்பதுக்குள்தான் வயது இருக்கும், பஸ்ஸையும் அவரே ஓட்டினார். முந்நூறு கிலோமீற்றர் பாதையில் ஒரு கடை கிடையாது, ஒரு சந்தி கிடையாது. ஆரணி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். சரி, நடக்கும்போது பேசுவோம் என்று விட்டுவிட்டேன்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மாட்டுப்பண்ணையில் நிறுத்தினார்கள். முட்டையும் பாணும் தந்தார்கள். கூடவே டேல் ஆளுக்கொரு படிவம் தந்தார். பள்ளத்தின் மேலே ஏறுகிறவர்கள் உடல்நிலை பற்றி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இருதயம், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, தலைச்சுற்று, மூட்டு. ஆம் அல்லது இல்லை.

மற்றவர்கள் முட்டையைத் தின்றபடியே இல்லை, இல்லை, இல்லை என்று கீறிக் கொடுத்துவிட்டார்கள். ஆரணி கதிரையில் உட்காரும் முன்னரே கொடுத்துவிட்டாள். நான் பாண் தட்டைத் தள்ளி வைத்தேன். மூக்குக்கண்ணாடியை எடுத்தேன். கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயரை எழுதினேன்.

இருதயம்: ஆம். நாலு வருஷத்துக்கு முன் நெஞ்சு நோவென்று பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். கடைசியில் வாய்வு என்று சொல்லி அனுப்பினார்கள். அனுப்பியதையும் எழுதினேன். தலைச்சுற்று: ஆம், ஒரு தடவை, கோயில் திருவிழாவில், விரதம் இருந்த நாள். மூட்டு: இடது முழங்கால், மழைக்காலத்தில். சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசைகளின் பெயர், அளவு, காலையில் எத்தனை, மாலையில் எத்தனை. முன்பக்கம் போதவில்லை, பின்பக்கத்திலும் எழுதினேன். இரண்டு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். டேலிடம் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு போட்டோக்கொப்பி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் சுற்றியிருந்த பாலைவனத்தை ஒருமுறை பார்த்தார்.

எழுதிக்கொண்டிருந்தபோது ஆரணி வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்திருந்தாள்.

"அப்பா, ஜஸ்ட் டிக் நோ. இட்ஸ் அ வோக்."

"பொய் எழுதச் சொல்லுறியோ?"

அவள் போய் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

3

நான் ஏன் இப்படி என்பதைச் சொல்லவேண்டும். இங்கே என்னைத் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். பிறந்தநாள் வீடுகளிலும் கோயில் மண்டபத்திலும் அத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

இந்த நாட்டுக்குப் படகில் வந்தபோது ஆரணிக்கு எட்டு வயது. இங்கத்தைய தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டு, செவன் ஹில்ஸில் ஓர் அறையில் குடியிருந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு நித்திரை இல்லாமல் போயிற்று. திடுக்கிட்டு எழும்புவேன். சப்பாத்துச் சத்தம் கேட்கும். ஒரு டொக்டரிடம் நேரம் எடுத்துப் போனோம். மொழிபெயர்ப்பாளர் ரெலிபோனில் வருவார் என்றார்கள். லைன் கிடைக்கவில்லை. இன்னொரு நாள் என்றால் மூன்று கிழமை ஆகும் என்றார்கள். முன்மேசைப் பெண் ஆரணியைப் பார்த்துச் சிரித்து, உங்கள் பிள்ளை நல்ல ஆங்கிலம் பேசுகிறாளே, இவளே போதும் என்றாள்.

பள்ளிக்கூடப் பையோடு ஆரணி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தாள். ஒன்பது வயது ஆகியிருந்தது. நான் டொக்டரிடம் எல்லாம் சொன்னேன். சண்டை முடிந்த பிறகு இராணுவ முகாமில் எனக்குச் செய்ததைச் சொன்னேன். அதுவரை சாந்திக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. டொக்டர் தட்டச்சில் பதிந்தார். கால் நோவுக்குக் குளிசை எழுதித் தந்தார். இந்த நாட்டு வைத்தியம் இப்படிப் போலும் என்று நினைத்து விழுங்கினேன்.

நாலு வருஷம் கழித்து என் அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை நடந்தது. நடந்ததை எல்லாம் அதிகாரியிடம் சொன்னேன். நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதை ஆரணிதான் குசினி மேசையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு பந்தியில் நிறுத்தினாள். வீட்டுப்பாடம் இருக்கிறது என்று எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. மிச்சத்தை வழக்கறிஞர்தான் விளங்கப்படுத்தினார். "வந்த புதிதில் நீங்கள் பார்த்த டொக்டரின் பதிவில், நன்றாக நித்திரை கொள்கிறார், பழைய காயங்கள் எதுவும் சொல்லவில்லை, கால் நோவு மட்டும் என்று இருக்கிறது. ஆகவே நீங்கள் இப்போது சொல்வது பின்னர் சேர்த்த கதை" என்று எழுதியிருந்தார்களாம்.

மேல்முறையீடு, நீதிமன்றம், மறுபடி விசாரணை. வருஷங்கள் போயின. அந்த இடைவெளியில் கிளிநொச்சியில் என் அக்கா செத்துப்போனா. தாய் இல்லாத என்னை வளர்த்தது அவதான். இந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வரமுடியாத விசாவில் இருந்தேன். போனில்தான் கொள்ளி வைத்ததைப் பார்த்தேன்.

எல்லாம் அந்த டொக்டரால் வந்தது. சொன்னதை எழுதாத சோம்பேறி. நான் அவரைப் போலவே நடித்துக் காட்டுவேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரலால் தட்டுவது, கொட்டாவி விடுவது, எல்லாம். உள்ளதைச் சொன்னால், அவர் கொட்டாவி விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அது நான் பிறகு சேர்த்தது. சபை சிரிக்கும். நானும் சிரிப்பேன். அடிவயிற்றில் எரிகிறதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எந்தப் படிவத்திலும் ஒன்றும் விடமாட்டேன். நூலக அட்டைக்குக்கூட முன்பு இருந்த ஏழு முகவரிகளையும் எழுதிக் கொடுத்தவன் நான். ஆரணியின் பள்ளிக்கூடம் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனபோது, மூன்று வயதில் காய்ச்சலோடு அவளுக்கு ஒருமுறை வலிப்பு வந்ததை எழுதினேன். வள்ளத்தில் ஏற்றவில்லை. முழு வகுப்பும் வள்ளம் விட, பிள்ளை கரையில் நின்று சப்பாத்துகளுக்குக் காவல் இருந்தது.

4

பள்ளத்தின் அடிவாரத்தில் பஸ் நின்றது. எல்லோரும் முகத்துக்கு ஈ வலை மாட்டித் தண்ணீர்ப் போத்தல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். டேல் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். கையில் என் படிவம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வாசித்திருந்தார்.

"இவ்வளவு ஒழுங்காக எழுதின ஆளை நான் பார்த்ததில்லை" என்றார். பிறகு, இருதயத்துக்கும் தலைச்சுற்றுக்கும் ஆம் என்று எழுதியவரை டொக்டர் கடிதம் இல்லாமல் மேலே கூட்டிப்போக முடியாது என்றார். கீழே ஓடைக்கரையால் ஒரு சின்ன நடைபாதை இருக்கிறது, அதில் போய்வரலாம் என்றார்.

நான் விளங்கப்படுத்தினேன். அது இருதயம் இல்லை, வெறும் வாய்வு என்றேன். வாய்வை ஆங்கிலத்தில் சத்தமாக விளங்கப்படுத்துவது பஸ்ஸில் வந்த இருபது பேருக்கும் கேட்டது. அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

"நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் எழுதிவிட்டீர்களே. வாசித்ததை நான் வாசிக்கவில்லை என்று சொல்ல முடியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈ வலையைக் கழற்றி எறிந்தேன். ஒருமுறை நான் சொன்னதை நம்பவில்லை என்று தண்டித்தார்கள். இந்த முறை நம்பிவிட்டுத் தண்டிக்கிறார்கள். டேலில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். அது இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது. யார் மேலாவது பிழை இருந்தால் கொஞ்சம் திட்டியாவது ஆறலாம்.

ஆரணி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போ பிள்ளை" என்றேன்.

"ஆர் யூ ஷுவர்?"

"போ. இவ்வளவு தூரம் வந்திட்டு."

"ஓகே" என்றாள். போய்விட்டாள். நேரே செங்குத்தாக ஏறுகிற கற்படிகள். நூற்றுக்கணக்கில் இருக்கும். வரிசையில் கடைசி ஆளாக அவள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு மணித்தியாலமும் என் கையை விட்டுப் படியேறிப் போவது போல இருந்தது. இனி விடுதி, விமானம், சிட்னி, பிறகு பேர்த். எனக்குக் கண் கலங்கியது, அதற்கும் தூசியைச் சாட்டினேன்.

5

கீழே என்னோடு விடப்பட்டது இன்னொரு ஆள் மட்டும். பெவர்லி என்று எழுபது தாண்டிய ஒரு தஸ்மேனியப் பெண். இரண்டு முழங்காலும் மாற்றியவர், மேலே ஏற அவருக்கே விருப்பமில்லை. கைத்தடியோடு சந்தோஷமாக நடந்தார். ஓடையில் தண்ணீர் இல்லை, கற்கள்தான். இரண்டு பக்கமும் பாறைச்சுவர் ஏறி நின்றது. வெள்ளைத் தண்டு மரங்கள் அதன் இடுக்குகளில் எப்படியோ முளைத்திருந்தன. அழகான இடம்தான். எனக்கு அந்த நேரம் அதைப் பார்க்க மனம் இல்லை, ஒவ்வொரு தரமும் தலையை நிமிர்த்தி மேலே ஆள் தெரிகிறதா என்றுதான் பார்த்தேன்.

"அப்படி என்னதான் எழுதினீர்கள்?" என்று பெவர்லி கேட்டார்.

கேட்டது பிழை. நான் ஆரம்பித்துவிட்டேன். டொக்டர் கதை. என் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் பல வருஷமாகச் சொல்லிப் பழகிய கதை, தடக்கவில்லை. அங்கே கிடந்த பாறையை மேசையாக வைத்து இரண்டு விரலால் தட்டிக் காட்டினேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். கொட்டாவி விட்டேன். சோம்பேறி மனிதன், நான் அழுதுகொண்டு சொல்கிறேன், அவரோ, இவர் நன்றாக நித்திரை கொள்கிறார் என்று எழுதுகிறார் என்றேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். பெவர்லி சிரிக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

ஆரணி நின்றாள். முகம் சிவந்து, வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"என்ன, ஏதும் விழுந்து கிழுந்து போனியோ?"

"இல்லை. பாதிப் படி ஏறினனான். டேலிட்ட சொல்லிப்போட்டு இறங்கி வந்திட்டன்."

தமிழில் சொன்னாள். அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

6

இந்தப் பகுதியை எழுதலாமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். "ஊரில இருக்கிறவைக்குத்தானே எழுதுறியள். ஒரு இடத்திலயாவது உள்ளதை எழுதாட்டி உங்களுக்கு வருத்தம் வந்திடும், எழுதுங்கோ" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

பெவர்லி பத்தடி தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் இருந்தார். ஆரணி ஒரு கல்லில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, இனி அந்தக் கதையைச் சொல்லாதேங்கோ."

"ஏன், நடந்ததைத்தானே சொல்லுறன்?"

"டொக்டர் எழுதினது நான் சொன்னதைத்தான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் இன்னும் ஒருமுறை சொன்னாள்.

"நீங்கள் சொன்னதை நான் அவருக்குச் சொல்லேல்லை. அப்பா நல்லா நித்திரை கொள்ளுறார், கால் மட்டும்தான் நோகுதாம் எண்டு சொன்னனான்."

கோபம் வந்தது. மறைக்கமாட்டேன். போனில் பார்த்த அக்காவின் முகம் வந்து நின்றது. கோபம் ஒன்பது வயதுப் பிள்ளை மேல் இல்லை, எதிரில் இருந்த இருபத்தொரு வயதுக்காரி மேல். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தாளே என்று.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"தடுப்பு முகாமில ஒரு அன்ரி சொன்னவ, நோய் வருத்தம் உள்ளவையைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு. நீங்கள் அழுதுகொண்டு சொல்லுறீங்கள். டொக்டர் என்னைப் பாக்கிறார். உங்களுக்கு அடிச்சதை நான் எப்பிடி அப்பா என்ர வாயால சொல்லுறது? எனக்கு அதுக்கு இங்கிலீஷும் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன்."

"பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். அதுக்குள்ள அந்தக் கடிதம் வந்திட்டுது. நானே வாசிச்சன். பிறகு கிளிநொச்சி மாமி, உங்கட அக்கா, செத்தா. பிறகு எப்பிடிச் சொல்லுறது?" அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். "நீங்கள் ஒவ்வொரு வீட்டிலயும் அந்தக் கதையைச் சொல்லுவீங்கள். நடிச்சுக் காட்டுவீங்கள். எல்லாரும் சிரிப்பினம். நான் பக்கத்தில இருந்து கேக் சாப்பிடுவன். விசா வந்த அண்டைக்கும் சொன்னீங்கள். எனக்கு ஏலாமல் போச்சு."

அப்போதுதான் என் கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போனது. ஒரு குழந்தையை நடுவில் இருத்தி வைத்து, எந்தப் பெரிய மனிதனும் கேட்கக் கூசுகிறதை அதன் காதுக்குள் கொட்டியவன் நான். சொல்லாமல் விழுங்கியது அந்தக் குழந்தை. நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒவ்வொரு தரமும் அவள் கன்னத்தில் அறைந்திருக்கிறேன், அதற்குச் சபை சிரித்திருக்கிறது. பயப்படாதே, நீ சின்னப்பிள்ளை, உன்னில் பிழையில்லை என்றெல்லாம் சொல்ல வாய் எடுத்தேன். அவை அவளுக்குத் தெரியாத சொற்களா? பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை. தனக்குத்தானே ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்திருப்பாள்.

பெவர்லி எழுந்து வந்தார். நாங்கள் பேசுவது அவருக்கு விளங்கவில்லை, முகங்கள் விளங்கியிருக்கும்.

"எல்லாம் சரிதானே? பிள்ளை என்ன சொல்கிறாள்?" என்று என்னிடம் கேட்டார்.

"நான் சற்றுமுன் சொன்ன கதையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது என்கிறாள்" என்றேன் ஆங்கிலத்தில். "அவள் சொல்வது சரி. அந்த டொக்டர் நல்ல மனிதர். என்னிடம் எல்லாம் கேட்டார். நான்தான் வெட்கத்தில் மறைத்துவிட்டேன். நன்றாக நித்திரை கொள்கிறேன், கால்தான் நோகிறது என்று நான்தான் சொன்னேன். மகள் நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் அவருக்குச் சொன்னாள்."

பெவர்லி மெதுவாகத் தலையாட்டினார். ஆண்கள் டொக்டரிடம் அப்படித்தான், என் கணவரும் அப்படித்தான் என்றார்.

ஆரணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள்.

"அப்பா, அது பொய்."

"ஓம்" என்றேன். "இனி எந்த வீட்டில கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்."